ஆர்டித் நிற்காத மூலை

ஒரு வேட்பாளர் வெள்ளை மாளிகைக்குப் போவாரா மாட்டாரா என்று தெரிந்துகொள்ள பிளம் குரோவ் ஊரில் யாரும் கருத்துக்கணிப்பைப் பார்ப்பதில்லை. ஆர்டித் ஹைகன்ஸ் வீட்டு முன்புறப் புல்தரையில் யார் பெயர்ப் பலகை நிற்கிறது என்று பார்ப்பார்கள். அங்கே பெயர் இருந்தால் அந்த ஆள் கதை முடிந்தது. வேறு யாரையாவது பார்க்க வேண்டியதுதான்.

இதில் மிகையே இல்லை. ஆர்டித் கல்யாணமான புதிதில் முதன்முதலாக யாருக்குப் பலகை நட்டாளோ அவர், அந்த வாரமே தொண்டை கட்டிப்போய் போட்டியிலிருந்து விலகினார். அடுத்தவர் பனிப்புயலில் மாட்டிக்கொண்டு எங்கள் மாவட்டத்துக்கே வந்து சேரவில்லை. இன்னொருவர் இப்போது ஓரிகானில் தேனீ வளர்க்கிறார். அவர் ஜனாதிபதி பதவிக்கு நின்றவர் என்பது அந்தத் தேனீக்களுக்குக்கூடத் தெரியாது. நான்கு வருடத்துக்கு ஒருமுறை தன் கட்சியில் யார் அதிகமாகக் கனவு காண்கிறாரோ, யார் ஏழைகளைப் பற்றி அதிகம் பேசுகிறாரோ, அவரைத் தேடிப் பிடித்து ஆதரிப்பாள் ஆர்டித். சொல்லிவைத்தது போல அவரும் தோற்பார். எதிர்க்கட்சியான ரிபப்ளிகன் கட்சிக்கார அண்டைவீட்டார் அவளைக் கண்டால் லாரியை நிறுத்தி, "ஆர்டித், இந்தத் தடவை எங்க ஆளுக்கு மட்டும் பலகை வெச்சுடாதம்மா, புண்ணியமாப் போகும்" என்பார்கள். அவளும் சிரிப்பாள். சிரித்துவிட்டு உள்ளே போனபின் அவள் முகம் எப்படி இருந்தது என்று யாரும் எட்டிப்பார்த்ததில்லை.

வீட்டை ஒட்டி முன்பு கார் நின்ற இடத்தில் ஒரு முடி அலங்காரக் கடை வைத்திருந்தாள். ஊரிலுள்ள வயதான பெண்கள் முக்கால்வாசிப் பேர் வாரத்துக்கு ஒருமுறை அங்கே வந்து தலை அலசி, சுருள் வைத்து, சூடான காற்று ஊதும் கவசத்துக்குள் தலையைக் கொடுத்து உட்கார்வார்கள். அந்த இரைச்சலில் யாருக்கும் எதுவும் கேட்காது. ஆர்டித் அரசியல் பேசுவதும் அப்போதுதான். காது கேட்காத கூட்டத்துக்கு அவளைப்போல் வாய் வலிக்கப் பேசிய தலைவர் அயோவா மாநிலத்திலேயே கிடையாது.

அவளுக்குக் கோபம் வர ஒரே ஒரு வாக்கியம் போதும், ஜனாதிபதித் தேர்தலையே முடிவுசெய்யும் மாநிலம் என்று பெயர் வாங்கிய ஓஹையோவைப் பற்றியது.

"எனக்கு அவங்களப் பிடிக்கும் ஆர்டித். நல்ல மனுஷிதான். ஆனா ஓஹையோக்காரன் ஓட்டுப் போடணுமே!"

ஆர்டித் அப்போது ஆதரித்த ஒரு பெண் வேட்பாளரைப் பற்றி இதைச் சொன்னது பெர்னிஸ். தபால் ஆபீசில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவள், பள்ளிக்கூட நாளிலிருந்து ஆர்டித்தின் உயிர்த்தோழி, வெள்ளிக்கிழமை காலை வாடிக்கையாளர்.

"ஓஹையோக்காரன் உன்கிட்ட வந்து சொன்னானா?"

"டிவில சொன்னாங்கடி."

"ஓஹையோவுல ஒருத்தி இப்ப தலையில சுருளோட உக்காந்துக்கிட்டு, எனக்குப் பிடிக்கும், ஆனா அயோவாக்காரி போட மாட்டாளேன்னு சொல்லிக்கிட்டிருப்பா. நீ அவளப் பாத்துப் பயப்படுற, அவ உன்னப் பாத்துப் பயப்படுறா. நடுவுல எவனோ ஒருத்தன் ஜெயிச்சுட்டுப் போறான். உன் மனசுல யாரோ, அவங்க மூலையில போய் நில்லு. மத்தவ எங்க நிப்பான்னு கணக்குப் போடாத."

"அடியே, தண்ணி காதுல போகுது!"

மூலை என்று அவள் சொன்னது சும்மா பேச்சுக்கு இல்லை. எங்கள் மாநிலத்தில் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல் கூட்டம், அதாவது காக்கஸ், ஜனவரிக் குளிரில் பள்ளிக்கூட ஜிம்மில் நடக்கும். ரகசிய ஓட்டெல்லாம் கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மூலை. பிடித்தவரின் மூலையில் போய், ஊரே பார்க்க, நிற்க வேண்டும். வந்தவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர்கூடச் சேராத மூலை தேறாத மூலை. அதில் நின்றவர்கள் இரண்டாவது சுற்றில் வேறு மூலைக்குப் போகலாம், யாரையாவது இழுத்துவந்து தங்கள் மூலையைத் தேற்றலாம், அல்லது வீட்டுக்குப் போய்ச் சூப் குடிக்கலாம். ஆர்டித்தின் மூலை ஒருமுறைகூடத் தேறியதில்லை.

தேறாத மூலைக்காரர்களைக் கவர ஒவ்வொரு அணியும் தின்பண்டம் கொண்டுவரும். அதில் பெர்னிஸின் ஸ்காட்சரூவுக்கு ஈடே இல்லை. அரிசிப்பொரியைக் கடலை வெண்ணெயில் பிசைந்து மேலே சாக்லேட் ஊற்றி அவள் வெட்டித்தரும் வில்லைக்காகக் கொள்கையை விட்டவர்கள் உண்டு. அந்தத் தட்டு எப்போதும், யார் நிச்சயம் ஜெயிப்பார் என்று டிவி சொல்கிறதோ அவர் மூலையில்தான் இருக்கும்.

அந்த வருடம் வந்தவர் செனட்டர் ரூத் ஹாலரன். கையில் காசு இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லோருக்கும் வைத்தியம் என்பதுதான் அவர் பேச்சு. ஆர்டித்துக்கு அது தேன் மாதிரி இருந்தது. ஊரில் யாருக்காவது புற்றுநோய் என்றால் சர்ச் அடித்தளத்தில் பான்கேக் சாப்பாடு போட்டு நிதி திரட்டுவார்கள். அடுப்படியில் நிற்பது ஆர்டித். "வியாதிக்காரன் பிழைக்கிறதுக்கு நான் தோசைக்கல்லுல நின்னே தோள்பட்டை போச்சு. இது என்ன வைத்தியமா, சமையல் போட்டியா?" என்று கேட்பாள்.

இலையுதிர் காலத்தில் செனட்டர் எங்கள் ஊர் சாப்பாட்டுக் கடைக்கு வந்தார். ஆர்டித் முதல் வரிசையில் இருந்தாள். ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துக்கொண்டு வந்தவர் அவள் முன்னாலும் கை நீட்டினார். ஆர்டித் தன் வலக்கையை ஏப்ரன் பைக்குள் திணித்துக்கொண்டு, "கை ஈரமா இருக்குங்க" என்றாள். கை காய்ந்துதான் இருந்தது. அவளுக்கு என்ன கோபமோ என்று பேசிக்கொண்டார்கள். கோபமெல்லாம் இல்லை, பயம். ஊர் விளையாட்டாகச் சொன்னதை நாற்பது வருடமாகக் கேட்டுக் கேட்டு அவள் நம்பிவிட்டாள். தன் கை பட்டால் விளங்காது என்று.

இத்தனைக்கும் அந்த வருடம்தான் நிஜமாகவே வாய்ப்பு இருந்தது. முன்னாள் கவர்னர் விட்காம்தான் முன்னணி என்று ஆரம்பத்தில் எல்லோரும் சொன்னார்கள். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது ஹாலரன் அவர் தோளுக்குத் தோள் வந்துவிட்டார். ஹாலரன் பிரசார அலுவலகத்திலிருந்து ஆர்டித்துக்கு அழைப்பு வந்தது: எங்கள் மூலைக்கு நீங்கள்தான் தலைமை தாங்க வேண்டும். அவள் முட்டிவலி என்றாள். அவர்கள் அனுப்பிவைத்த பலகையை வீட்டு நிலவறையில் உறைபெட்டிக்குப் பின்னால், எழுத்து சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்தாள்.

"என்ன, இந்தத் தடவ உன் ஆளு இல்லையா?" என்று கேட்டான் லைல், அவள் கணவன். பன்றிப் பண்ணையை விற்றுவிட்டு ஓய்வாக இருப்பவன். பேச்சு குறைவு, பிடிவாதம் அதிகம். ஒவ்வொரு காக்கஸிலும் யாரும் கேள்விப்படாத ஏதாவது ஒரு விவசாயி வேட்பாளர் மூலையில் மூன்று நான்கு பேரோடு நிற்பான். எண்ணிக்கை முடிந்து, மூலை தேறாது என்று சொன்னதும் தொப்பியை மாட்டிக்கொண்டு லாரியைச் சூடேற்றப் போய்விடுவான். இரண்டாம் சுற்று அவன் அகராதியிலேயே இல்லை.

"முட்டிவலி" என்றாள் அவனிடமும்.

"நேத்து பனி வாரும்போது இல்லாத முட்டிவலி" என்று சொல்லிவிட்டு அவன் செய்தித்தாளுக்குள் போய்விட்டான்.

அவள் மனதில் ஒரு திட்டம் இருந்தது. கேட்டால் சிரிப்பீர்கள். தன் கை ராசி ஒருவரைக் கவிழ்க்கும் என்றால் அது விட்காமையும் கவிழ்க்கத்தானே வேண்டும்? ஆகவே இந்த முறை விட்காம் மூலையில் போய் உட்கார்வது. அங்கே உட்கார்ந்து அவருக்குத் தன் ராசியை மனதாரத் தானம் செய்வது. ஒருவேளை ஹாலரன் மூலையில் ஆள் குறைந்தால் இரண்டாம் சுற்றில் எழுந்துபோய்ச் சேர்ந்துகொள்வது. முதல் சுற்றில் எங்கே நின்றாலும் அடுத்த சுற்றில் மாறலாம், அது அவளுக்குத் தெரிந்த பழைய வழக்கம்தானே.

காக்கஸ் அன்று மாலை ஜிம்மில் மல்யுத்தப் பாய்களின் வியர்வை வாடையும் ஈரக் கம்பளிக் கோட்டு வாடையுமாக இருந்தது. தலைவர், பள்ளிக்கூட பாண்டு வாத்தியார் ஹெல்மர். அவர் மைக்கைப் பிடித்து விதிமுறைகளை வாசித்தார். விதிமுறை வாசிக்கும்போது காது கொடுத்துக் கேட்டவர் பிளம் குரோவ் சரித்திரத்தில் இல்லை. ஆர்டித்தும் கேட்கவில்லை. அவள் அப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு விட்காம் மூலையை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

அந்த மூலைக்குத் தலைவர் கோர்டன் என்ற இன்சூரன்ஸ் ஏஜென்ட். ஆர்டித் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டதும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஆர்டித்... உன் மூலை அந்தப் பக்கம்ல?"

"மாறிட்டேன் கோர்டன்."

"எதுக்கும்மா திடீர்னு? யோசிச்சுப் பாத்தியா? அவசரமே இல்ல."

"ஏன், நான் வந்தா ஆகாதா?"

"சேச்சே, யார் சொன்னா" என்றவர், அவளிடம் ஒரு சீட்டைக் கையெழுத்துக்கு நீட்டும்போது விரல் படாமல் பார்த்துக்கொண்டார். ஆர்டித்துக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ராசி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

அப்போதுதான் பெர்னிஸ் உள்ளே வந்தாள். கையில் ஸ்காட்சரூ தட்டு. ஆர்டித் தன் பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்து இடம் பிடித்தாள். பெர்னிஸ் அவளைக் கவனிக்கவே இல்லை. தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கோர்டனைத் தாண்டி, கூடைப்பந்து வளையத்தைத் தாண்டி, நேராக ஹாலரன் மூலைக்குப் போய் மேசைமேல் வைத்தாள். சுற்றுமுற்றும் யாரையோ தேடினாள். தேடிய கண் கடைசியில் ஜிம்மின் இந்தக் கோடிக்கு வந்து நின்றது.

"அடியே ஆர்டித்!" அந்தக் குரல் தபால் ஆபீசில் அரை ஊரைக் கூப்பிட்ட குரல். "அங்க என்னடி பண்ற?"

ஜிம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"நாப்பது வருஷமா என் தலையக் கழுவிக் கழுவி, காதுல ஓதி ஓதி, மனசுல யாரோ அங்க நில்லு, மனசுல யாரோ அங்க நில்லுன்னு... சரி, இந்த ஒரு தடவையாவது உன் பக்கத்துல நிக்கலாம்னு வெட்கத்த விட்டு வந்திருக்கேன். நீ அங்க கோர்டன் மடியில உக்காந்திருக்க!"

"மடியிலல்லாம் இல்ல" என்றார் கோர்டன் அவசரமாக.

நாற்பது வருடம் கவசத்துக்குள் உட்கார்ந்திருந்த பெர்னிஸுக்கு எல்லாமே கேட்டிருக்கிறது. கேட்டு, வந்தும்விட்டாள். வந்த இடத்தில் சொன்னவளைக் காணோம். அவமானமும் சந்தோஷமும் ஒன்றாக வர, ஆர்டித் ‘அடுத்த சுற்றில் வருகிறேன்’ என்று கையால் சைகை காட்டினாள். பெர்னிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எண்ணிக்கை நடந்தது. ஹெல்மர் மைக்கில் அறிவித்தார்.

"தேறுறதுக்கு வேண்டியது பத்தொன்பது பேர். விட்காம், அறுபதுக்கு மேல, தேறிடுச்சு. ஹாலரன், பதினெட்டு. தேறல."

ஆர்டித் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். முட்டியில் ஒரு வலியும் இல்லை. நாலு எட்டு வைத்திருப்பாள்.

"ஆர்டித், எங்க போற? உக்காரு."

"அந்த மூலைக்கு, ஹெல்மர். ரெண்டாவது சுத்துதானே?"

"தேறின மூலையில கையெழுத்துப் போட்டவங்க நகரக்கூடாது. இந்த வருஷத்துலேர்ந்து புது விதி. இப்பத்தானே படிச்சேன்?"

"எப்ப படிச்சீங்க?"

"நீ நடந்து போகும்போது."

அவள் ஜிம் தரையில் ஆட்டத்துக்காகப் போட்டிருந்த மஞ்சள் கோட்டின் மேலேயே நின்றாள். இவள் மட்டும் வழக்கம்போல் வழக்கமான இடத்தில் நின்றிருந்தால் பத்தொன்பது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாகத் தேறியிருக்கும். பெர்னிஸ் பக்கத்தில் நின்று தேறியிருக்கும். இதை நினைத்ததும் அவளுக்கு அங்கேயே உட்கார்ந்து அழவேண்டும் போலிருந்தது.

தேறாத மற்ற மூலைகள் கலைந்தன. பெர்னிஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவர் பின்னாலும் ஓடினாள். எல்லோரும் ஆளுக்கொரு வில்லையை எடுத்துக்கொண்டார்கள். "ஹாலரன் நல்லவங்கதான் பெர்னிஸ், ஆனா ஓஹையோக்காரன்..." என்று மென்றுகொண்டே விட்காம் பக்கம் போனார்கள். பெர்னிஸ் தன் வாழ்நாளில் முதல்முறையாக தான் சொல்லிவந்த அந்த வாக்கியத்தை அடுத்தவர் வாயிலிருந்து கேட்டாள். "ஓஹையோக்காரன் உங்கிட்ட வந்து சொன்னானாடா?" என்று அவள் கத்தியது ஜிம் கூரையில் எதிரொலித்தது.

கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு ஆள். லைல் வழக்கம்போல் தொப்பியை மாட்டிக்கொண்டு, கோட்டின் ஜிப்பை மேலே இழுத்துக்கொண்டு, கதவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான்.

"லைல்! போகாத!"

அவன் நின்றான்.

"ஹாலரன் மூலைக்குப் போ. ஒரு ஆள்தான் குறையுது."

"எனக்கு அந்தம்மா பேச்சு பிடிக்காதுன்னு உனக்குத் தெரியும்" என்றான் லைல். "அதோட, நீயே அங்க நிக்கல. நான் எதுக்கு நிக்கணும்?"

யாரோ சிரித்தார்கள். ஆர்டித் சிரிக்கவில்லை. இதற்குப் பதில் சொல்லாமல் தப்பிக்க வழியில்லை என்று தெரிந்துபோயிற்று. ஊரே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது, அதுவும் எந்த இரைச்சலும் இல்லாமல்.

"பயம் லைல்" என்றாள். "நான் தொட்டவங்க எல்லாரும் தோத்தாங்க. நீங்க எல்லாரும் விளையாட்டாச் சொன்னீங்க, நான் நெஜம்னு எடுத்துக்கிட்டேன். இந்தப் பொம்பள ஜெயிக்கணும்னு எனக்கு அவ்வளவு ஆசை. அந்த ஆசையிலதான் அவ பக்கத்துல நிக்கல. கைகூடக் குடுக்கல. என் ராசிய விட்காமுக்குக் குடுப்போம்னு இங்க வந்து உக்காந்தேன்."

"கடவுளே" என்றார் கோர்டன்.

"மத்தவங்களப் பாத்துக் கணக்குப் போடாதீங்கன்னு இந்த ஊர்ல ஒவ்வொரு தலையாப் பிடிச்சுச் சொன்னவ நான். நீங்க ஓஹையோக்காரனுக்குப் பயந்தீங்க. நான் என் கைக்கே பயந்துட்டேன். அதுல ஒரு வித்தியாசமும் இல்ல. வெக்கமா இருக்கு." எதிர்மூலையைக் கையால் காட்டினாள். "பெர்னிஸ் வந்து நின்னுட்டா, நான் நிக்கல."

லைல் கதவை விட்டுத் திரும்பினான். பிறகு ஜிப்பைக் கீழே இறக்கினான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் ஜிம்மின் குறுக்கே நடந்துபோய்ப் பெர்னிஸ் பக்கத்தில் நின்றான்.

"எழுதிக்கோங்க ஹெல்மர்" என்றான். "எனக்கு இந்தம்மாவப் பிடிக்கல. இது என் பெண்டாட்டி நிக்கவேண்டிய எடம். அவ வர முடியல, நான் நிக்கிறேன்."

"அப்படியெல்லாம் எழுத எடமில்ல லைல். ஹாலரன்னு மட்டும் எழுதறேன்."

"ஏதோ ஒண்ணு எழுதுங்க."

ஹாலரன் மூலை தேறியது. தேறியதற்குக் கிடைத்தது, வேட்பாளரை முடிவுசெய்யும் அடுத்த கட்டமான மாவட்ட மாநாட்டுக்கு ஒரு பிரதிநிதி. அந்த மூலையில் இருந்தவர்கள் அமெரிக்காவையே ஜெயித்துவிட்டது போல் குதித்தார்கள். பெர்னிஸ் லைலுக்கு ஒரே நேரத்தில் இரண்டு ஸ்காட்சரூ கொடுத்தாள். எதிர்மூலையில், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த விட்காம் ஆட்களுக்கு நடுவே, ஆர்டித் ஒருத்தி மட்டும் கை வலிக்கத் தட்டினாள்.

வீட்டுக்குப் போகும்போது லாரியில் லைல் சொன்னான்:

"ஆக, தேறிடுச்சு உன் மூலை."

"நான் இல்லாதப்பத்தானே தேறிச்சு."

"அதுவும் சரிதான்" என்றான் அவன். ஆறுதலுக்காகப் பொய் சொல்லும் வழக்கம் அவனிடம் இல்லை. அவள் மடியில் கிடந்த தன் கையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். தன் கைக்கு அந்தக் கெட்ட ராசி இல்லை என்பதற்கு அல்ல, இருக்கிறது என்பதற்குத்தான் அன்றைக்கு இன்னொரு சாட்சி கிடைத்திருந்தது.

மறுநாள் காலை லைல் காபியோடு ஜன்னலுக்கு வந்தபோது ஆர்டித் முன்புறப் புல்தரையில் நின்றிருந்தாள். உறைபெட்டிக்குப் பின்னாலிருந்து பலகையை எடுத்து வந்திருந்தாள். ஜனவரியில் எங்கள் மண்ணில் கோடாலியே இறங்காது, பலகை எப்படி இறங்கும்? ஒரு வாளியில் சரளைக்கல்லைப் போட்டு, நடுவில் பலகையின் காலை நிறுத்தி, கெட்டிலால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். உறைந்துவிட்டால் ஏப்ரல் வரை யாராலும் அசைக்க முடியாது.

அவன் பூட்சை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

"நேத்து நீ நிக்காமத்தான் அந்தம்மா தேறுச்சு. இப்ப எதுக்கு இது?"

"அவ ஜெயிப்பாளா தோப்பாளான்னு எனக்குத் தெரியாது லைல். ஓஹையோக்காரனுக்கும் தெரியாது." பலகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். குளிரில் மூக்கு சிவந்திருந்தது. "ஜெயிச்சா ஜெயிக்கட்டும். தோத்தா, நான் கூட நிக்கும்போது தோக்கட்டும். தனியா தோக்க வேணாம்."

தெருவில் போன ஒரு லாரி வேகத்தைக் குறைத்தது. பலகையில் இருந்த பெயரைப் படித்துவிட்டு, உள்ளே இருந்தவர் தலையில் அடித்துக்கொண்டு ஹாரன் அடித்தார். ஆர்டித் தன் வலக்கையை உயர்த்தி அவருக்கு ஆட்டினாள்.

லைல் குனிந்து வாளியைப் பார்த்தான். பலகை கொஞ்சம் சாய்ந்திருந்தது. காபிக் கோப்பையைப் பனியில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் அதை நேராகப் பிடித்தான்.

"ஊத்து" என்றான். "இன்னும் கொஞ்சம் ஊத்து. இங்க காத்து ஜாஸ்தி."